அசையாமல் இருந்தவள்

"உதைக்க ஆரம்பிச்சிருச்சுங்களா டீச்சர்?"

எனக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது ஸ்டாஃப் ரூமில் யாராவது ஒருவர் தினமும் இதைக் கேட்டுவிடுவார்கள். முதல் கர்ப்பம். உதைப்பது எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. மீன் புரள்வது போல இருக்கும் என்றார் கணக்கு டீச்சர். உள்ளேயிருந்து விரலால் சுண்டிவிட்டது போல இருக்கும் என்று தன் மனைவி சொன்னதாகச் சொன்னார் தமிழ் ஐயா. என் வயிற்றில் மீனும் புரளவில்லை, யாரும் சுண்டவும் இல்லை. "லேசாத் தெரியுதுங்க" என்று சொல்லிவிட்டு நோட்டுத் திருத்தக் குனிந்துகொள்வேன்.

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் வழியில் ஒரு பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள்தான் எங்களிடம் அதிகம். என் கணவருக்கு வெலிங்டனில் ராணுவ ஸ்டோரில் வேலை. சீருடை இல்லாத சிவிலியன் வேலை. கன்டோன்மென்ட் மதிலுக்குக் கீழே சரிவில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத் தங்கிய கர்ப்பம் அது. அதனால் சர்ச்சில் எல்லோருக்கும் தெரியும், பால்காரருக்கும் தெரியும்.

ஐந்தாம் மாத ஸ்கேனுக்குக் குன்னூரில் படுத்திருந்தேன். ஸ்கேன் எடுத்த டாக்டர் இளம் வயதுக்காரர். முதலில் வானிலை பற்றியெல்லாம் பேசிக்கொண்டிருந்தவர் நடுவில் பேச்சை நிறுத்திவிட்டார். கருவியை ஒரே இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார். "கொஞ்சம் நடந்துட்டு, ஜில்லுன்னு ஏதாவது குடிச்சுட்டு வாங்க. குழந்தை தூங்குது போல" என்றார். மழை பெய்துகொண்டிருந்த அந்தக் குளிரில் நான் ஐஸ் போட்ட மாம்பழ ஜூஸ் வாங்கிக் குடித்தேன். திரும்பிப் போய்ப் படுத்தேன். அவர் மறுபடியும் பார்த்தார். வயிற்றைத் தட்டிப் பார்த்தார். கடைசியில் என் முகத்தைப் பார்க்காமல், "கோயமுத்தூர்ல ஒருத்தர்கிட்ட காமிச்சுருங்க. நாள் தள்ளாதீங்க" என்றார்.

கோயம்புத்தூர் ஸ்கேன் டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. கருவில் இருக்கும் குழந்தைகளைப் பார்ப்பது மட்டுமே அவருடைய வேலை. என் கணவரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். எதிரே சுவரில் பெரிய திரை. அதில் எங்கள் குழந்தை முழுதாகத் தெரிந்தது. இரண்டு கைகளும் உடம்போடு ஒட்டி நேராகக் கிடந்தன. மணிக்கட்டு மட்டும் உள்பக்கமாக வளைந்திருந்தது. கால்கள் நீட்டியபடி. பாதங்கள் இரண்டும் உள்ளே திரும்பி, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு. இதயம் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் கருவியை அசைக்காமல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நாங்களும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு விரல்கூட அசையவில்லை.

பிறகு அவர் வயிற்றில் இருந்த பசையைத் துடைத்துவிட்டு எங்களை எதிரே உட்காரவைத்துப் பேசினார்.

"நீங்க சயின்ஸ் டீச்சர்னு சொன்னீங்க. அதனால விவரமாவே சொல்றேன். கையும் காலும் முதல்ல ஒரு மொட்டு மாதிரிதான் வரும். அதுக்குள்ள எலும்பு இருக்காது. குருத்தெலும்பு, ஒரே தண்டா. தோள்ல இருந்து விரல் வரைக்கும் எங்கயும் இடைவெளி இருக்காது. அப்புறம் முழங்கை எங்க வரணுமோ அந்த இடத்துல இருக்கிற செல்கள் மட்டும் குருத்தெலும்பா மாறாம நெருக்கமா அடுக்கி நிக்கும். அந்த அடுக்குக்கு நடுவுல ஒரு விரிசல் விடும். அதுல திரவம் ஊறும். அதுதான் மூட்டு."

"இந்தக் குழந்தைக்கு அது வரலைங்களா?" என்று என் கணவர் கேட்டார்.

"தொடங்கியிருக்கும். ஆனா அந்த விரிசல் நல்லாத் திறந்து, ரெண்டு பக்கமும் வழவழப்பா ஆகணும்னா குழந்தை கையக் கால ஆட்டணும். ரெண்டாம் மாசக் கடைசியிலயே ஆட்ட ஆரம்பிச்சிரும். உங்களுக்குத் தெரியாது, ஆனா அது ஆட்டிக்கிட்டேதான் இருக்கும். இந்தக் குழந்தைக்கு ஆட்டுற தசை சரியா வளரலை. ஆட்டாததால மூட்டெல்லாம் இறுகிப் போச்சு."

வருடா வருடம் நான் நடத்தும் பாடம் அது. பந்து கிண்ண மூட்டு, கீல் மூட்டு என்று கரும்பலகையில் படம் வரைந்து, பிள்ளைகளை எழுப்பி நிற்கவைத்துக் கையை மடக்கச் சொல்வேன். மூட்டு இருப்பதால்தான் நம்மால் அசைய முடிகிறது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அசைந்ததால்தான் மூட்டே வந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை.

"ஏன் டாக்டர்? நான் ஏதாவது..." என்று தொடங்கினேன்.

அவர் என்னை முடிக்கவிடவில்லை. "இல்ல. நீங்க சாப்பிட்டதோ, படி ஏறினதோ, வேலைக்குப் போனதோ காரணம் இல்ல. பல குழந்தைங்களுக்கு இது ஏன் வருதுன்னு எங்களுக்கே தெரியாது."

அதைவிடப் பெரிய விஷயத்தைக் கடைசியாகச் சொன்னார். கைகால் மட்டும் இப்படி என்றால் குழந்தை பிழைக்கும், புத்தியும் நன்றாக இருக்கும், நிறைய வைத்தியம் செய்ய வேண்டியிருக்கும். ஆனால் நெஞ்சும் அசையாமல் இருந்தால் நுரையீரல் வளராது. அப்படியானால் பிறந்தவுடன் மூச்சு விட முடியாது. இப்போது பார்த்ததில் எது என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பனிக்குடத் தண்ணீரை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம். சில வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் பார்க்கலாம். வேண்டாம் என்று முடிவு செய்தால் அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது என்றும், அந்த முடிவை எடுக்கிற யாரையும் தான் குறை சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார்.

பரிசோதனைக்குப் பனிக்குடத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் குன்னூர் பஸ்ஸுக்காக நின்றோம். என் கணவர் இரண்டு டீ வாங்கி வந்தார். இருவரும் குடிக்கவில்லை.

"வேண்டாமுங்க. விட்டுருவோம்" என்றேன்.

அவர் கையில் இருந்த கிளாஸையே பார்த்தார். "சரி. உன்ற உடம்பு. நீ சொல்றதுதான்."

"உங்களுக்கு என்ன தோணுது?"

"எனக்கு ஒண்ணும் தோணல. அந்தப் பாதம் ரெண்டும் கண்ணுக்குள்ளயே நிக்குது."

பஸ் வந்தது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கைகளை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டேன். பஸ் முதல் கொண்டை ஊசி வளைவில் திரும்பியபோது, பின்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. என் உடம்பு முழுக்கத் தூக்கிப் போட்டது. வயிற்றுக்குள்ளும் ஏதோ ஆடியது போல இருந்தது. அது குழந்தையாக இருக்காது. தண்ணீர் ஆடியிருக்கும். ஆனாலும் எனக்கு அந்த நேரத்தில் ஒரு எண்ணம் வந்துவிட்டது. அது தன்னால் ஆட முடியாவிட்டால் நான் ஆட்டிவிடலாமே!

அடுத்த நாள் டாக்டருக்கு போன் செய்து அதையே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அப்படி ஆகாதும்மா. அதோட தசைதான் அதோட எலும்பை இழுக்கணும். வெளியில இருந்து உலுக்கினா மூட்டு வராது. தயவுசெஞ்சு அப்படி எதுவும் பண்ணாதீங்க" என்றார். புரிந்தது. நான் அறிவியல் படித்தவள். ஒரு பிள்ளை பரீட்சையில் அப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் அடித்திருப்பேன்.

இருந்தும் போனேன். பள்ளியில் மத்தியானத்துக்கு மேல் லீவ் சொல்லிவிட்டு, குன்னூரில் மேட்டுப்பாளையம் பஸ் ஏறி, கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். பாதி மலையில் இருக்கும் பர்லியார் வரை இறங்குவேன். அங்கே ரோட்டோரத்தில் பலாப்பழமும் மங்குஸ்தானும் விற்கிற கடைகளுக்கு முன்னால் நின்று, மேலே வருகிற பஸ்ஸைப் பிடித்துத் திரும்புவேன். மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். ஒவ்வொரு குலுக்கலுக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அசை சாமி, ஒரே ஒரு தடவை அசை" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போவேன். எங்கள் வீட்டில் யாரும் பிள்ளையைச் சாமி என்று கூப்பிடுவதில்லை. அது எங்கள் பள்ளிக்கு வரும் எஸ்டேட் அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளைக் கொஞ்சும் வார்த்தை. எப்படியோ அதுதான் வந்தது.

கண்டக்டர் ஒருநாள் கேட்டே விட்டார். "ஏனுங்க டீச்சர், மாசமா இருக்கீங்க, கடைசி சீட்டு தூக்கித் தூக்கிப் போடுமுங்க. முன்னால வாங்க, லேடீஸ் சீட்டுல எடம் இருக்குது."

"இருக்கட்டுங்க. இங்கயே உக்காந்துக்கறேன்."

அவர்தான் என் கணவரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒருநாள் சாயங்காலம் நான் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது என் கணவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். கையில் ஹெல்மெட். என்னைக் கண்டதும் கிட்டே வந்தார்.

"எங்க போயிட்டு வர்ற?"

"பர்லியார்."

"அங்க யாரு இருக்காங்க?"

"யாருமில்லைங்க. பஸ்ல ஆடுமில்லைங்களா... அதுக்குத்தான்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்தபோது திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அங்கே இருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்கூல் பிள்ளைகளும் காய்கறி மூட்டைகளும் நிறைந்த அந்தக் கூட்டத்தில் அழுதார். அதற்கு முன் அவர் அழுது நான் பார்த்ததில்லை. என்னால் குனிந்து தேற்றக்கூட முடியவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எழுந்தபோது, "இனிமே போகாத கண்ணு. உனக்கும் எதுனா ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்" என்றார். போகவில்லை.

பரிசோதனை முடிவு வந்தது. பெயர் சொல்லக்கூடிய நோய் எதுவும் அதில் இல்லை. இரண்டாவது ஸ்கேனுக்குப் போகும்போது நான் வேண்டாம் என்ற முடிவோடுதான் போனேன். டாக்டர் இந்தத் தடவை கையையும் காலையும் விட்டுவிட்டு நெஞ்சுக்குக் கீழே கருவியை வைத்தார். திரையில் வளைந்த கோடு ஒன்று தெரிந்தது. நெடுநேரம் அது அப்படியே இருந்தது. பிறகு கீழே இறங்கியது. மேலே ஏறியது. மறுபடி இறங்கியது.

"இங்க பாருங்க" என்றார் டாக்டர். "இது உதரவிதானம். மூச்சு விடப் பழகுது."

அசையாமல் கிடந்த அந்த உடம்பில் ஒரு கோடு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் ஸ்கேனை முடித்துவிட்டு, இனி நுரையீரல் வளரும் என்று நம்பலாம், ஆனால் சத்தியம் செய்ய முடியாது, முடிவு இப்போதும் உங்களுடையதுதான் என்றார். என் கணவர் என்னைப் பார்த்தார். "இருக்கட்டும் டாக்டர்" என்றேன். அதைத் தைரியம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கூச்சமாக இருக்கும். அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு வேறு வார்த்தை வாயில் வரவில்லை, அவ்வளவுதான்.

மிச்ச மாதங்கள் எப்படிப் போயின என்று கேட்டால் எனக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. கீழ் கோத்தகிரியில் எஸ்டேட் ஃபேக்டரி ஆபீஸில் வேலை பார்த்த என் நாத்தனார், என் கணவருக்கு அக்கா, சனிக்கிழமைதோறும் வந்து சமைத்து வைத்துவிட்டுப் போவார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். போகும்முன் என் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணுவார். "குழந்தை துள்ளிக் குதிச்சு வரும்னு விசுவாசிப்போம்" என்பார். ஒருநாள், "அண்ணி, துள்ளிக் குதிக்க வேண்டாம்னு ஜெபம் பண்ணுங்க. மூச்சு விட்டாப் போதும்னு கேளுங்க" என்று கத்திவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. மறுபடி கண்ணை மூடி, அதை மட்டும் கேட்டார்.

ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். கைகால் மடங்காத குழந்தையை இழுத்தால் எலும்பு உடைந்துவிடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றது. எல்லோரும் எதையோ எதிர்பார்த்து நிற்பது எனக்குத் தெரிந்தது. அப்புறம் ஒரு மெல்லிய சத்தம், கதவுக் கீல் கிறீச்சிடுவது போல. அதுதான் அவள் அழுகை. "பொண்ணு" என்றார் யாரோ.

மறுநாள் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். தூக்கினால் எல்லாக் குழந்தைகளும் நம் மேல் துவண்டு சுருண்டுகொள்ளும். இவள் நீட்டியது நீட்டியபடியே வந்தாள். கைகளைத் தடவிப் பார்த்தேன். முழங்கையின் உள்பக்கம் நம் எல்லோருக்கும் ஒரு மடிப்புக் கோடு இருக்குமே, அது இல்லை. தோல் வழவழவென்று ஒரே சீராக ஓடியது. விரல்களிலும் கோடு இல்லை. பிறப்பதற்கு முன்னால் நாம் எத்தனை முறை மடக்கி மடக்கி அந்தக் கோடுகளைப் போட்டிருப்போம்! அவள் ஒருமுறைகூட மடக்கவில்லை. அவள் கண்கள் மட்டும் விழித்து, என் முகத்தை நிதானமாகப் பார்த்தன.

நாத்தனார் பிரசவத்துக்கு முன்பே ஸ்வெட்டர் பின்னி வைத்திருந்தார். மஞ்சள் நிறம். ஊரில் அந்த மாதக் குளிருக்கு ஸ்வெட்டர் இல்லாமல் குழந்தையை வைத்திருக்க முடியாது. ஆனால் மடங்காத கையை ஸ்வெட்டர் கைக்குள் எப்படி நுழைப்பது? நாங்கள் இருவரும் முயன்றோம். அவள் வீறிட்டாள். நாத்தனார் கத்தரிக்கோலை எடுத்து, தான் பின்னிய ஸ்வெட்டரின் இரண்டு கைகளையும் தோள் முதல் மணிக்கட்டு வரை வெட்டினார். ஓரம் அடித்து, வரிசையாக பட்டன் வைத்தார். அதற்குப் பிறகு அவளுக்கு வாங்கும் எல்லாத் துணிக்கும் அப்படித்தான். அவர் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு எங்களோடு வந்துவிட்டார். நான் பள்ளிக்குத் திரும்ப முடிந்தது அவரால்தான்.

கோயம்புத்தூரில் எலும்பு டாக்டர் எங்களுக்கு இரண்டு வேலை கொடுத்தார். வாரம் ஒருமுறை வந்தால் பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே திருப்பி, தொடை வரை மாவுக்கட்டுப் போடுவார். கைகளை நாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை பால் கொடுத்த பிறகும் முழங்கையை மெதுவாக மடக்கி, அப்படியே பிடித்திருந்து, விட வேண்டும்.

"வலிக்குங்களா டாக்டர்?"

"அழுவா. ஆனா நிறுத்திராதீங்க. இப்ப அவ எலும்பு இளசு. வயித்துக்குள்ள அவளால பண்ண முடியாததை நாம கொஞ்சமாவது இப்பப் பண்ணலாம். முழுசா முடியாது, கொஞ்சம் முடியும்."

பால் குடித்து, கண் சொருகி, உலகத்திலேயே என்னை மட்டும் நம்பிப் படுத்திருக்கும் குழந்தையின் கையைப் பிடித்து நான் மடக்குவேன். அவள் முகம் கோணும். அப்புறம் அழுகை. என் கணவர் ஒருமுறை முயன்று பார்த்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். நாத்தனார் செய்வார், ஆனால் பாதியிலேயே விட்டுவிடுவார். நாளாக நாளாகப் பால் குடித்து முடிக்கும்போதே அவள் என் முகத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்க ஆரம்பித்தாள். அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்போதெல்லாம் கர்த்தரிடம் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. ஒரு முழங்கை கொஞ்சம் இளகியது. வலது. இடது இளகவேயில்லை.

அந்த ஐப்பசியில் மழை வழக்கத்தைவிட மோசம். கோயம்புத்தூரில் குழந்தைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வாடகைக் காரில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். நாத்தனார் வீட்டில் இருந்தார். காரில் நான், என் கணவர், குழந்தை, டிரைவர். பாதி மலை ஏறியபோது வண்டிகள் வரிசையாக நின்றன. மேலே மண் சரிந்து ரோட்டை மூடிவிட்டது என்றார்கள். திரும்பிவிடலாம் என்று டிரைவர் வண்டியைத் திருப்பிக் கொஞ்ச தூரம் இறங்குவதற்குள், கீழேயும் ஒரு பாறையும் மரமும் ரோட்டில் விழுந்து கிடந்தன. மேலேயும் போக முடியாது, கீழேயும் போக முடியாது. மழை மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

குழந்தை அழுதாள். பசி அழுகை எனக்குத் தெரியும், கை மடக்கும்போது வரும் அழுகையும் தெரியும். இது இரண்டும் இல்லை. போர்வையை விலக்கிப் பார்த்தேன். இடது காலின் கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் வீங்கியிருந்தன. நாவல்பழ நிறம். கட்டுப் போடும் நர்ஸ் சொல்லிக் கொடுத்திருந்தார்: நகத்தை அழுத்தினால் வெளுக்கும், விட்டால் உடனே சிவக்க வேண்டும். அழுத்திவிட்டு விட்டேன். சிவக்கவில்லை.

"ஏனுங்க, ரத்தம் ஓடலைங்க!"

அவர் போனை எடுத்தார். டவர் இல்லை. கதவைத் திறந்துகொண்டு மழையில் ஓடினார். முன்னால் நின்ற வண்டிகளில் டாக்டர், நர்ஸ் யாராவது இருக்கிறார்களா என்று ஜன்னல் ஜன்னலாகத் தட்டிக் கேட்டார். யாரும் இல்லை. நனைந்து திரும்பி வந்தார். "நடந்தே போயிரட்டுமா? மண்ணு மேல ஏறி அந்தப் பக்கம் போனா வண்டி கெடைக்கும்."

"இன்னும் சரிஞ்சா? புள்ளையோட உள்ள போயிருவீங்க."

கட்டு இறுகினால் வெந்நீரில் ஊறவைத்து நீங்களே பிரித்துவிடுங்கள் என்றும் நர்ஸ் சொல்லியிருந்தார். அதைக் கேட்டபோது தலையாட்டினேனே தவிர, நான் செய்வேன் என்று நினைத்ததில்லை. கொண்டை ஊசி வளைவில் தகரக் கூரை போட்ட ஒரு டீக்கடை தெரிந்தது. குழந்தையைச் சேலைக்குள் மூடிக்கொண்டு ஓடினேன்.

கடை வைத்திருந்த அம்மாள் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்திருந்தார். நான் மூச்சு வாங்கச் சொன்னதில் அவருக்கு என்ன புரிந்ததோ, விரல்களைப் பார்த்தவுடன் பாத்திரத்தை இறக்கி, பச்சைத் தண்ணீர் கலந்து, பாத்திரம் கழுவும் பெரிய தொட்டியில் ஊற்றினார். "உக்காரு தாயி, இங்க உக்காரு. நா ஊத்திக்கிட்டே இருக்கேன், நீ பாரு" என்றார்.

காலைத் தண்ணீரில் வைத்துக் கட்டின் நுனியைத் தேடினேன். மாவு கல்லாக இருந்தது. ஊறவே ஊறாது போலிருந்தது. நகத்தால் சுரண்டினேன். என் கணவர் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு ஏதோ பாட்டைத் துண்டு துண்டாகப் பாடினார். ஆறிய தண்ணீரை அந்த அம்மாள் மொண்டு ஊற்றிவிட்டு வெந்நீர் மாற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் நுனி பிரிந்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. தண்ணீர் பால் போலக் கலங்கியது. அவள் அழுது அழுது குரலே போய்விட்டது. வாய் மட்டும் திறந்து மூடியது. அழுகிற குழந்தையைவிடச் சத்தமில்லாமல் அழுகிற குழந்தை எவ்வளவு பயங்கரம் என்று அன்றைக்குத் தெரிந்தது. முழங்கால் வந்தது, கெண்டைக்கால் வந்தது, பாதம் வந்தது. பஞ்சை உரித்துப் போட்டுவிட்டுக் காலை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டேன்.

விரல்கள் அதே நிறத்தில் இருந்தன. "இன்னும் வரலைங்களே" என்றேன். நான் பாதத்தை என் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. "தாயி, பாரு" என்றார் அந்த அம்மாள். பெருவிரல் நுனி சிவந்திருந்தது. அப்புறம் அடுத்த விரல். அவள் உடம்பு ஒருமுறை குலுங்கி, பிறகு தூங்கிப்போனாள். பாதம் என் கண்ணெதிரேயே பழையபடி உள்ளே திரும்பத் தொடங்கியது. நாங்கள் இத்தனை வாரம் அலைந்து திருப்பிய பாதம். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மண்ணை அள்ளி வழிவிட மாலையாகிவிட்டது. அடுத்த தடவை போனபோது எலும்பு டாக்டர் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "நீங்க பிரிக்காம விட்டிருந்தா இந்தக் கால் போயிருக்கும். பாதம் திரும்பினா என்ன, மறுபடி முதல்ல இருந்து திருப்புவோம்" என்றார். முதலில் இருந்து தொடங்கினோம். நான் வெளியே வந்து, ஆஸ்பத்திரி நடையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலில் இருந்து என்ற வார்த்தையை அன்றைக்கு என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது அவள் பள்ளிக்குப் போகிறாள். நான் வேலை பார்க்கும் பள்ளி அல்ல, படிக்கட்டு இல்லாத இன்னொரு பள்ளி. காலில் பிளாஸ்டிக் கவசம் போட்டு, இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசி நடக்கிறாள். விழுந்தால் சட்டென்று கையை ஊன்ற முடியாது, நேராக முகம்தான் தரையில் படும். அதனால் நெற்றியில் எப்போதும் ஒரு காயம் இருக்கும். இரண்டு கைகளாலும் பென்சிலை இடுக்கிக்கொண்டு எழுதுகிறாள். எழுத்து நன்றாகவே இருக்கிறது. பனி அதிகமான காலையில் மூட்டுகள் இன்னும் இறுகிவிடும். நாத்தனார் வெந்நீர்ப் பையை வைத்துச் சூடு காட்டிய பிறகுதான் அவளால் எழுந்திருக்க முடியும். மேசை விளிம்பில் வலது கையை ஊன்றிச் சாய்ந்தால் முழங்கை கொஞ்சம் மடங்கும். அப்படித்தான் பிஸ்கட்டை வாய்க்குக் கொண்டுபோகிறாள். மேசை இல்லாத இடத்தில் அதுவும் முடியாது. நாங்கள் மூன்று பேரும் வயதானவர்களாகிக்கொண்டு வருகிறோம். அவள் சட்டைக் கைகளுக்கு பட்டன் போட யார் இருப்பார்கள் என்று நான் யோசிக்காத நாள் இல்லை. பிள்ளைகள் என் வகுப்பில் கையை வீசிக்கொண்டு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே சில நாள் பாடத்தை மறந்து நின்றுவிடுகிறேன்.

போன மாதம் எலும்பு டாக்டர் ஒரு ஆபரேஷன் பற்றிச் சொன்னார். உடம்பில் வேறு இடத்தில் இருக்கும் ஒரு தசையை எடுத்து வலது கைக்கு மாற்றிக் கட்டலாம். பிடித்தால் அவளாகவே கையை மடக்க முடியும். பிடிக்காமலும் போகலாம். இடது கையை நீட்டியபடியே விட்டுவிடலாம், ஊன்றி எழ அது வேண்டும் என்றார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவகிட்டயும் கேளுங்க. அவ கைதானே" என்றார்.

காரில் வரும்போது என் கணவர் கேட்டார். "கண்ணு, டாக்டர் மாமா கையில ஆபரேஷன் பண்றேங்கறாரு. கொஞ்ச நாளு வலிக்கும். அப்புறம் கை மடங்கினாலும் மடங்கும். பண்ணிக்கலாமா?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மடங்கினா மூக்கு வரைக்கும் வருமாப்பா?"

"வரும்னுதான் சொல்றாரு. ஏன்?"

"கொசு உக்காந்தா நான் அத்தையைக் கூப்புடறேன். அத்த சமையல் ரூம்ல இருந்து வர்றதுக்குள்ள அது கடிச்சுட்டுப் போயிருது."

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. நான் அவள் மூக்கை மெதுவாகத் தேய்த்துவிட்டேன். "இப்ப கொசு இல்லம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மழைக்காலம் முடிந்ததும் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டோம்.